கொத்துச்சாவி யார் இடுப்பில்?

கடல்வாசல்கள் – வரலாற்றுத் தொடர் – 9

பால்டிக் கடலின் வாசலில் டென்மார்க் அரசர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் வாங்கிவந்த கப்பல் சுங்கம் 1857-இல் எப்படி முடிவுக்கு வந்தது என்று சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கடல்வணிக நாடுகள் கூடிப் பேசின, மொத்தமாக ஒரு தொகை கொடுத்தன, வாசல் திறந்தது. அதே காலத்தில் ஐரோப்பாவின் மறுகோடியில் இன்னொரு வாசல் இருந்தது. அதை யாராலும் காசு கொடுத்துத் தீர்க்க முடியவில்லை. கருங்கடலில் இருந்து பெருங்கடலுக்கு வர இயற்கை விட்டுவைத்த ஒரே வழி அது. வடக்கே பாஸ்போரஸ்: சுமார் 30 கிலோமீட்டர் நீளம், மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 700 மீட்டர் அகலம், இஸ்தான்புல் நகரத்தின் நடுவே ஓடுகிறது. அடுத்து மர்மரா என்னும் சிறு கடல். தெற்கே டார்டனெல்ஸ்: சுமார் 60 கிலோமீட்டர் நீளம், சானக்கலே நகருக்கு அருகே 1,200 மீட்டர்தான் அகலம். கரையில் வைத்த பீரங்கியின் வீச்சுக்குள் வராமல் எந்தக் கப்பலும் இந்தப் பாதையைக் கடக்க முடியாது. டான்யூபும் நீப்பரும் கொண்டுவந்து சேர்க்கும் சரக்கு, உக்ரைன் கரிசல் மண்ணின் கோதுமை, காக்கேசியத்தின் எண்ணெய் என்று எல்லாம் கடல்வழியாக உலகச் சந்தைக்கு வர இந்தச் சந்துக்குள் நுழைந்தே ஆகவேண்டும்.

இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ முயல்வது ஒன்றே. இங்கே சரக்குக் கப்பல்கள் நெடுங்காலம் தடையின்றிப் போய்வந்ததற்கு, கடல் எல்லோருக்கும் பொது என்ற கொள்கையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வல்லரசுகளின் போர்க்கப்பல்களுக்குக் கதவு சாத்தியிருந்ததால்தான் வணிகருக்கு அது திறந்திருந்தது. அப்படிச் சாத்துகிற வேலையும், போட்டியிடும் வல்லரசு எதனிடமும் இல்லாமல், அந்தக் கரையிலேயே குடியிருந்து இரு தரப்புக்கும் அஞ்சவேண்டிய ஓர் இடைநிலை அரசிடம் இருந்தபோதே நிலைத்தது. ஒரு வீட்டில் கொத்துச்சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதை வைத்து அங்கே யார் சொல் செல்லும் என்று சொல்லிவிடலாம். பாஸ்போரஸிலும் கேள்வி அதுதான். சாவி துருக்கியிடம் இருந்த காலங்களில் பக்கத்து வீட்டார் முணுமுணுத்தார்கள். அது வேறொருவர் இடுப்புக்கு நழுவிய காலங்களில் அடித்துக்கொண்டார்கள்.

1452-இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மத், பாஸ்போரஸின் மிகக் குறுகிய இடத்தில் ருமேலிக் கோட்டையைக் கட்டி, சொல்லுக்கு நிற்காமல் போன ஒரு வெனிஸ் கப்பலைப் பீரங்கியால் மூழ்கடித்தார். அடுத்த ஆண்டே கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) வீழ்ந்தது. அதன்பின் மூன்று நூற்றாண்டுக் காலம் கருங்கடல் ஒட்டோமான்களின் வீட்டுக் குளமாக இருந்தது; அந்நியர் கேட்க ஒன்றும் இல்லை. ரஷ்யா தெற்கே இறங்கிவந்து கடலைத் தொட்டபோதுதான் கேள்வி பிறந்தது. 1774-இன் குச்சுக் கைனார்ஜா உடன்படிக்கை ரஷ்ய வணிகக் கப்பல்களுக்கு வழி திறந்தது. 1794-இல் ஒடெசா நகரம் எழுந்தது. கோதுமை ஏற்றுமதி பெருகியது. இனி இந்த நீரிணை இஸ்தான்புல்லின் சொந்த விஷயமாக மட்டும் இருக்க முடியாது. 1809-இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையில், அமைதிக் காலத்தில் அந்நியப் போர்க்கப்பல் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது ஒட்டோமான் அரசின் பழைய நெறி என்று எழுதி வாங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்தான் பிரிட்டிஷ் அட்மிரல் டக்வொர்த் டார்டனெல்ஸை வலுவில் கடந்து போய், ஒன்றும் சாதிக்காமல், கரையில் இருந்து பறந்துவந்த கற்குண்டுகளுக்கு ஆட்களைப் பலிகொடுத்துத் திரும்பியிருந்தார். அந்தப் பாடம் சூடாக இருந்தபோதே அந்தக் காகிதம் எழுதப்பட்டது.

சாவி நழுவிய முதல் தருணம் 1833. எகிப்தின் முகமது அலி பாஷாவின் படை அனடோலியாவில் கூட்டாஹ்யா வரை வந்துவிட்டது. சுல்தான் இரண்டாம் மஹ்முதுக்குக் கைகொடுக்க பிரிட்டனும் பிரான்ஸும் முன்வரவில்லை. அவர் பரம எதிரியான ரஷ்யாவை அழைத்தார். ரஷ்யப் படை பாஸ்போரஸ் கரையில் இறங்கியது. உதவிக்கு விலையாக ஜூலை 8 அன்று ஹுன்கார் இஸ்கெலெசியில் உடன்படிக்கை ஆயிற்று. 'அரசரின் படித்துறை' என்று பொருள்படும் அந்த இடத்தில் எழுதிய இரகசியப் பிரிவு, ரஷ்யா கேட்கும்போது டார்டனெல்ஸை மற்றவர்களின் போர்க்கப்பல்களுக்குச் சுல்தான் மூடவேண்டும் என்றது. பழைய நெறியும் மூடச் சொன்னது. இதுவும் மூடத்தான் சொல்கிறது. ஆனால் முன்பு சுல்தான் தன் பொருட்டு மூடினார். இப்போது இன்னொருவர் பொருட்டு மூடவேண்டும். லண்டனும் பாரிஸும் கொதித்ததற்குக் காரணம் அந்த வேறுபாடு. எட்டு ஆண்டுகள் கழித்து, அந்த உடன்படிக்கை காலாவதியான 1841-இல், பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா ஆகிய ஐந்தும் ஒட்டோமான் அரசோடு லண்டனில் கையெழுத்திட்டன: சுல்தான் அமைதியில் இருக்கும்வரை எந்த நாட்டுப் போர்க்கப்பலும் நீரிணைகளுக்குள் நுழையாது. ஐவரும் ஒருவரையொருவர் நம்பாததால் ஐவருக்கும் மூடிய கதவு அது.

அந்த விதியின் உறுதியை, அதற்குப் பக்கத்தில் வைத்த இன்னொரு விதியோடு ஒப்பிட்டால் நன்றாகப் புரியும். கிரிமியப் போரில் தோற்ற ரஷ்யா மீது 1856-இல் பாரிஸில் ஒரு நிபந்தனை சுமத்தப்பட்டது: கருங்கடலில் அதற்குக் கடற்படை இருக்கக்கூடாது. பெயரளவில் ஒட்டோமான்களுக்கும் அதே தடைதான். ஆனால் அவர்களின் கப்பல்கள் வாசலுக்கு வெளியே நின்றுகொள்ளலாம், ரஷ்யாவுக்கு அந்த வசதி இல்லை. தோற்றவரைக் கட்டிப்போட்ட இந்தக் கயிறு 14 ஆண்டுகள்தான் தாங்கியது. 1870-இல் பிரான்ஸ் பிரஷ்யாவிடம் அடிபட்டுக் கிடந்த வேளை பார்த்து ரஷ்ய அமைச்சர் கோர்ச்சகோவ் அதை அறுத்தெறிந்தார். நீரிணை விதியோ மறு ஆண்டு லண்டனில் சிறு திருத்தத்தோடு மீண்டும் உறுதியாயிற்று. 1878-இல் ரஷ்யப் படை தலைநகரின் விளிம்பை எட்டியபோது பிரிட்டிஷ் கப்பல்கள் சுல்தானின் மறுப்பை மீறி மர்மராவுக்குள் வந்தன. விதி மீறப்படவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மீறியவர்களே பின்னர் அந்த விதிக்குத் திரும்பினார்கள். அதன் கடுமையை ரஷ்யா 1904-இல் அனுபவித்தது. ஜப்பானோடு போர், கருங்கடலில் ஒரு முழுக் கடற்படைப் பிரிவு சும்மா நிற்கிறது, வெளியே வர முடியவில்லை. வணிகக் கொடியோடு நழுவிவந்து செங்கடலில் போர்க்கொடி ஏற்றிய இரண்டு கப்பல்கள், மலாக்கா என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்ததும் லண்டன் எழுப்பிய கூச்சலில் ரஷ்யா பின்வாங்கியது. முடிவில் பால்டிக் கப்பல்படை ஏறத்தாழ 33,000 கிலோமீட்டர் உலகைச் சுற்றிப் போய், 1905 மே மாதம் சுஷிமாவில் மூழ்கியது.

போர்க்கப்பல் பூட்டியிருந்த இத்தனை ஆண்டும் வணிகம் என்னவாயிற்று? பெருகியது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ரஷ்யாவின் மொத்த ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த நீரிணைகள் வழியாகவே போனது. தானியத்தில் இந்தப் பங்கு அதைவிட மிக அதிகம். அந்த வாசல் எவ்வளவு எளிதில் அடைபடும் என்பதை 1912 காட்டியது. லிபியாவுக்காக ஒட்டோமான்களோடு போரிட்ட இத்தாலி ஏப்ரலில் டார்டனெல்ஸ் கோட்டைகளைத் தாக்கியது. துருக்கி கண்ணிவெடி போட்டு ஏறத்தாழ ஒரு மாதம் வழியை அடைத்தது. தானியக் கப்பல்கள் வரிசையாக நின்றன; ஒடெசாவின் வணிகர்கள் நொந்தார்கள்; பீட்டர்ஸ்பர்க்கில் கவலை பிறந்தது. அந்தக் கவலையில் இருந்து ரஷ்ய ஆட்சியாளர்கள் எடுத்த முடிவு, சாவி நம் கைக்கு வந்தால்தான் நிம்மதி என்பது. இந்த வரலாற்றின் மிகப் பெரிய தவறு அந்த முடிவு என்றே நான் கருதுகிறேன். அடைப்புக்குக் காரணம் வாயிற்காவலன் அல்ல, வாசலில் வந்து சுட்ட இத்தாலி என்பதை அவர்கள் பார்க்கத் தவறினார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 1914-இல் வழியை அடைத்தது யார்? துருக்கிதானே? கூட்டாளிகளின் உதவி ரஷ்யாவுக்குப் போகாமல், ரஷ்யத் தானியம் வெளியே வராமல், ஒரு பேரரசை மூச்சுத்திணற வைத்தது அந்தக் காவலன்தானே? நியாயமான கேள்வி. நிகழ்வுகளின் வரிசையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில், துருக்கிக்காக பிரிட்டனில் கட்டி முடித்த இரண்டு பெரிய போர்க்கப்பல்களை பிரிட்டிஷ் அரசு தனக்கென எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 10 அன்று, துரத்திவந்த பிரிட்டிஷ் கப்பல்களுக்குத் தப்பிய கோபென், பிரெஸ்லாவ் என்னும் இரு ஜெர்மன் போர்க்கப்பல்கள் டார்டனெல்ஸுக்குள் விடப்பட்டன. நடுநிலை அரசு அவற்றைத் திருப்பி அனுப்பவோ ஆயுதம் களையவோ வேண்டும். துருக்கி 'விலைக்கு வாங்கியதாக' அறிவித்தது. மாலுமிகள் ஜெர்மானியரே, தலையில் துருக்கித் தொப்பி. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திய செப்டம்பர் 22-ஐத் தமிழர் மறக்கவில்லை. அதற்கு அடுத்த சில நாட்களில் டார்டனெல்ஸைக் கண்ணிவெடியால் முழுதாக அடைக்க ஆணையிட்டவர் வெபர் என்ற ஜெர்மன் அதிகாரி. அக்டோபர் 29 அன்று அதே கோபென் உள்ளிட்ட கப்பல்கள் ஒடெசா, செவஸ்தபோல் துறைமுகங்களைத் தாக்கின. முதலில் முறிந்தது போர்க்கப்பல் தடை. வணிக வழி அடைபட்டது அதன் பிறகு. சாவியைத் தன் இடுப்பில் வைத்திருந்த துருக்கி அன்று அந்த வாசலில் இல்லை. அதை ஜெர்மனிக்கு அவிழ்த்துக் கொடுத்தது அதன் ஆட்சியாளர்களின் குற்றம். அதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் குற்றம் என் வாதத்தை மறுக்கவில்லை, மெய்ப்பிக்கிறது.

பூட்டிய கதவை உடைத்துத் திறக்க முடியாதா? 1915 மார்ச் 18 அன்று பிரிட்டனும் பிரான்ஸும் பதினெட்டு பெரும் போர்க்கப்பல்களோடு டார்டனெல்ஸுக்குள் நுழைந்தன. பத்து நாட்களுக்கு முன் நுஸ்ரத் என்ற சிறு கப்பல் யாரும் அறியாமல் 26 கண்ணிவெடிகளைக் கரைக்கு இணையாக விதைத்துவிட்டுப் போயிருந்தது. மாலைக்குள் பூவே, இர்ரெஸிஸ்டிபிள், ஓஷன் மூன்றும் கடலடிக்குப் போயின. மேலும் மூன்று பலத்த சேதத்தோடு ஒதுங்கின. உலகின் முதல் கடற்படையை நிறுத்தியது அந்தச் சிறு கப்பல் விதைத்த வரிசை. அடுத்த மாதம் கலிபோலியில் தரைப்படை இறங்கியது. ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் இந்தியாவில் இருந்து போன சீக்கியரும் கூர்க்காக்களும் அங்கே மடிந்தார்கள். இரு தரப்பிலும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. 1916 ஜனவரியில் கடைசிப் படையும் திரும்பியது, வழி திறக்கவில்லை. அந்தப் போர் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, ஒரு நூற்றாண்டாக ரஷ்யாவுக்கு எது கிடைக்கக்கூடாது என்று போராடியதோ அதையே பிரிட்டன் இரகசியமாக ரஷ்யாவுக்கு எழுதிக்கொடுத்தது: வெற்றிக்குப் பின் கான்ஸ்டான்டிநோபிளும் நீரிணைகளும் ரஷ்யாவுக்கு. 1917-இல் ஆட்சிக்கு வந்த போல்ஷெவிக்குகள் அந்தக் காகிதத்தை உலகத்தின் முன் வெளியிட்டார்கள்.

போருக்குப் பின் வென்றவர்கள், சாவியை ஒரு குழுவிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1920-இன் செவ்ர் உடன்படிக்கை துருக்கியத் தலைவர் முஸ்தபா கெமாலின் படைமுன் நிற்கவில்லை. 1922-இல் சானக்கில் பிரிட்டிஷ் படையும் துருக்கியப் படையும் நேருக்கு நேர் நின்றன. பேரரசின் கிளைநாடுகளை உதவிக்கு அழைத்தபோது கனடா தன் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் வரமுடியாது என்றது. பிரிட்டனில் லாய்ட் ஜார்ஜின் அரசு அந்த நெருக்கடியோடு கவிழ்ந்தது. 1923-இல் லோசானில் ஒரு நடுவழி கண்டார்கள். கரைகளில் படையும் கோட்டையும் கூடாது. நாடுகளின் சங்கத்தின்கீழ் ஒரு பன்னாட்டு ஆணையம் மேற்பார்க்கும். போர்க்கப்பல்களும் கணிசமாக வந்துபோகலாம். எங்கும் சுதந்திரம், எவரிடமும் சாவி இல்லை. கொள்கை அளவில் இதைவிடத் தூய ஏற்பாடு இருக்க முடியாது. பதின்மூன்று ஆண்டுகள் தாங்கியது. மஞ்சூரியாவிலும் எத்தியோப்பியாவிலும் அந்தச் சங்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைக் கண்ட துருக்கி, எங்கள் வீட்டு வாசலை இனி நாங்களே காத்துக்கொள்கிறோம் என்று 1936-இல் கேட்டது. படையை அனுப்பிப் பிடிக்காமல் கடிதம் எழுதிக் கேட்டது. ஹிட்லர் ரைன்லாந்துக்குள் படையை நடத்திய அதே ஆண்டில். அந்த நாகரிகத்துக்கே பாதி இணக்கம் கிடைத்தது.

சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோ நகரில் 1936 ஜூலை 20 அன்று கையெழுத்தான அந்த உடன்படிக்கை இன்றும் உயிரோடு இருக்கிறது. பேச்சில் பிரிட்டன் கருங்கடல் எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும் என்றது. சோவியத் ஒன்றியம் தான் வெளியே போகலாம், பிறர் உள்ளே வரக்கூடாது என்றது. முடிவு இரண்டுக்கும் நடுவே, எண்களால் ஆன ஒரு தராசு. அமைதிக் காலத்தில் வணிகக் கப்பல்களுக்கு, எந்தக் கொடியானாலும், முழுச் சுதந்திரம். கரையோரம் அல்லாத நாடுகளின் போர்க்கப்பல்கள் ஒரே சமயத்தில் பொதுவாக 15,000 டன்னுக்கு மேல் கடக்கக்கூடாது; கருங்கடலில் 21 நாளுக்கு மேல் தங்கக்கூடாது; அவற்றின் மொத்த எடை 30,000 டன், சில சூழலில் 45,000 டன். துருக்கி நடுநிலையாக உள்ள போரில், போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு வழி இல்லை. தன் தளத்துக்குத் திரும்பும் கப்பலுக்கு மட்டும் விலக்கு. துருக்கியே போரில் இறங்கினால், அல்லது போர் வாசல்வரை வந்துவிட்டதாக அது கருதினால், போர்க்கப்பல் விஷயத்தில் முடிவு அதன் விருப்பம். கரைகளில் மறுபடி பீரங்கி வைத்துக்கொள்ளலாம். கணக்கைப் பிறர் எழுதினார்கள். தராசைப் பிடிக்கும் கை துருக்கியினுடையது.

இதையெல்லாம் விதி காக்கவில்லை, பலம்தான் காத்தது என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு 1946 ஒரு நல்ல ஆதாரம். ஸ்டாலின் அரசு நீரிணைகளைக் கூட்டாகக் காக்கவேண்டும் என்று தளம் கேட்டது. கார்ஸ், அர்தஹான் பகுதிகளையும் கேட்டது. அமெரிக்கா மிசௌரி போர்க்கப்பலை இஸ்தான்புல்லுக்கு அனுப்பியது. மறு ஆண்டு ட்ரூமன் துருக்கிக்குப் பண உதவி அறிவித்தார். 1952-இல் துருக்கி நேட்டோவில் சேர்ந்தது. ஸ்டாலின் இறந்தபின் 1953-இல் மாஸ்கோ தன் கோரிக்கையைக் கைவிட்டது. அமெரிக்கப் பலம் இல்லாமல் இது நடந்திராது; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலம் ஒன்றே விளக்கம் என்றால், நேட்டோவில் சேர்ந்த துருக்கி சோவியத் கப்பல்களுக்குக் கதவை இறுக்கியிருக்க வேண்டும். இறுக்கவில்லை. 1976-இல் சோவியத் ஒன்றியம் கீவ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை 'நீர்மூழ்கி எதிர்ப்புக் குரூசர்' என்று பெயரிட்டு வெளியே கொண்டுவந்தது. மேற்கு முகம் சுளித்தபோதும் அங்காரா விட்டது. மறுபக்கம், மாந்த்ரோவில் கையெழுத்தே இடாத அமெரிக்கா அதன் டன் கணக்குக்கும் முன்னறிவிப்புக்கும் கட்டுப்பட்டே கருங்கடலுக்குள் கப்பல் அனுப்பிவந்தது. தன் கூட்டணிக்குள்ளும் துருக்கி ஓரளவு தனித்து நின்றது. அந்த இடைவெளியில்தான் இரு தரப்பும் வசதி கண்டன. அதற்கும் முன்பே, 1944-இல், ஜெர்மன் துணைக் கப்பல்கள் வணிகக் கப்பல் வேடத்தில் கடந்ததைக் கண்டுகொள்ளாமல் விட்டதாக பிரிட்டன் குற்றம் சாட்டியபோது துருக்கிய வெளியுறவு அமைச்சர் மெனெமென்ஜியோலு பதவி விலகவேண்டி வந்தது. காவலன் சாய்ந்தால் அதற்கு விலை உண்டு என்பதை அங்காரா அன்று கற்றது.

மூன்றாவது மறுப்பு எனக்கு மிகவும் கனமானது: இந்த ஏற்பாடு நீதியைப் பார்ப்பதில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படை நடத்தியது. அதற்கு இரண்டு வாரம் முன்பே பால்டிக், வடகடற்படைகளைச் சேர்ந்த ஆறு ரஷ்யத் தரையிறக்கக் கப்பல்கள் பாஸ்போரஸைக் கடந்துவிட்டன. அமைதிக் காலம் என்பதால் விதி அவற்றைத் தடுக்கவில்லை. சில நாளில் துருக்கி இதைப் போர் என்று பெயரிட்டு மாந்த்ரோவின் 19-ஆம் பிரிவை நடைமுறைப்படுத்தியது. தாக்கியவருக்கும் தாக்கப்பட்டவருக்கும் ஒரே பூட்டு. 2024 ஜனவரியில், உக்ரைனுக்காக பிரிட்டன் கொடுத்த இரண்டு கண்ணிவெடி அகற்றும் கப்பல்களுக்கும் அங்காரா வழி மறுத்தது. கண்ணிவெடி மிதக்கும் கடலில் தன் துறைமுகத்தைத் திறக்கப் போராடும் நாட்டுக்கு அது கொடுமை. அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் அதே பூட்டு என்ன செய்தது என்பதையும் எழுதவேண்டும். 2022 ஏப்ரல் 14 அன்று மூழ்கிய மாஸ்க்வா கப்பலுக்கு ஈடாக ரஷ்யாவால் வெளியில் இருந்து ஒன்றைக் கொண்டுவர முடியவில்லை. இருக்கும் கப்பல்களைக் கொண்டே போரிட்ட ரஷ்யக் கடற்படை படிப்படியாக மேற்குக் கருங்கடலில் இருந்து ஒதுங்கியது. ஜூலையில் இஸ்தான்புல்லில் ஐ.நா.வும் துருக்கியும் முன்னின்று செய்த தானிய ஏற்பாட்டின்கீழ் ஓராண்டில் ஏறத்தாழ 3.3 கோடி டன் தானியம் வெளியே போயிற்று. 2023 ஜூலையில் ரஷ்யா விலகியபின், ருமேனியா, பல்கேரியா கரையை ஒட்டி உக்ரைன் தானே வழி வகுத்துக்கொண்டது. நேட்டோ கப்பல்களுக்கு அந்தக் கதவு அகலத் திறந்திருந்தால் உக்ரைனுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்பவர்கள், அதே திறந்த கதவு வழியாக ரஷ்யாவின் மற்றக் கடற்படைகளும் உள்ளே வந்திருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இப்போது ஏற்பாட்டுக்கு ஆபத்து வெளியில் இருந்து வரவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கப்பல்கள் ஒரு பெருநகரத்தின் நடுவே போகின்றன. 1979-இலும் 1994-இலும் நடந்த எண்ணெய்க் கப்பல் விபத்துகளில் பாஸ்போரஸ் பற்றி எரிந்ததை இஸ்தான்புல் மக்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால் மேற்கே 45 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு புதிய கால்வாய் வெட்டும் திட்டத்தை எர்தோகான் அரசு முன்வைத்தது. வெட்டிய கால்வாய்க்கு மாந்த்ரோ பொருந்துமா என்ற கேள்வி உடனே எழுந்தது. 2021 ஏப்ரலில் ஓய்வுபெற்ற 104 அட்மிரல்கள் மாந்த்ரோவைத் தொடாதீர்கள் என்று பொது அறிக்கை விட்டார்கள். அவர்களில் சிலர் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜூனில் கால்வாயின் குறுக்கே வரவேண்டிய ஒரு பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மாந்த்ரோவின் 20 ஆண்டுக் கெடு 1956-இலேயே முடிந்துவிட்டது. அதற்குப்பின் கையெழுத்திட்ட எந்த நாடும் இரண்டு ஆண்டு முன்னறிவிப்பு கொடுத்து அதை முடித்துக்கொள்ளலாம். முடித்தால் எல்லோரும் மறுபடி ஒரு மாநாட்டு மேசைக்கு வந்து, சாவியைப் பற்றி முதலில் இருந்து பேசவேண்டும். ரஷ்யாவோ பிரிட்டனோ பிரான்ஸோ ருமேனியாவோ துருக்கியோ இன்றுவரை அந்த அறிவிப்பைக் கொடுக்கவில்லை.